வந்தால் தீட்டு! வராவிட்டால் தோஷம்!

பெண்ணொருத்தி பூப்பெய்தினாள் என்றால் நம் நாட்டிலே ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். பந்தல் போடுகிறார்கள், தட்டு வரிசை எடுக்கிறார்கள், சிறுமியின் படத்தை ஆளுயரப் பதாகையிலே அச்சிட்டு முச்சந்தியிலே நிறுத்துகிறார்கள். பாண்டி ஆடவேண்டிய பருவத்துப் பிள்ளையின் உடலிலே நேர்ந்த ஒரு மாற்றத்தை, உற்றார் உறவினர்க்கு மட்டுமல்ல, அவ்வழியே பேருந்திலே போகிறவருக்கும் அறிவித்தாக வேண்டும் என்பது மரபாம்! அதே பெண்ணுக்கு, நான்கு ஆண்டு கழித்து, தொடர்ந்து நான்கு திங்களாக மாதவிலக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒலிபெருக்கி எங்கே? பந்தல் எங்கே? பதாகை எங்கே? “வாயைத் திறக்காதே! வெளியே தெரிந்தால் உன்னை எவன் கட்டுவான்?” என்பது தாயின் கட்டளை. வந்ததை ஊருக்குச் சொன்னவர்கள், வராததை மருத்துவரிடம் சொல்லவும் நாணுகிறார்கள்! இந்த விந்தையை விளக்க எந்தப் புராணத்திலே இடமிருக்கிறதோ, யாமறியோம்.

தோவாளையிலே விடியுமுன்பே விழித்துக்கொள்வது கோழியல்ல, பூச்சந்தை. பிச்சியும் மல்லிகையும் அரளியும் கேந்தியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். ஓணம் வந்துவிட்டால் மலையாள நாட்டுக்கு வண்டிகள் வரிசை கட்டிப் புறப்படும். இவ்வூரின் மாணிக்கமாலை 2025ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடு பெற்றது; பெருமைதான், மறுப்பாரில்லை. பூவைப் பறிப்பதிலும் தொடுப்பதிலும் பெண்களின் விரல்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்த விரல்களுக்குத்தான் திங்கள்தோறும் மூன்று நாள் தடை விதிக்கிறது வைதீகம். சூடாதே, தொடாதே, சாமிக்குப் போகிற மாலையின் பக்கம் போகாதே! ஏனெனில் அது தீட்டு. சொல்லையே பாருங்கள்: மாதவிலக்கு! உடலின் ஒரு நிகழ்ச்சிக்கு, ‘விலக்கிவை’ என்ற ஆணையையே பெயராக்கி வைத்துள்ள சமுதாயமிது. அந்த மூன்று நாளும் வராமற்போனால்? அப்போது விடுதலை கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அப்போது அது தோஷமாகிவிடும்!

வந்தால் தீட்டு, வராவிட்டால் தோஷம். பெண் எப்படியிருந்தாலும் குற்றவாளி.

தோஷத்தின் பெயரைச் சொல்ல ஒரு பட்டாளமே காத்திருக்கிறது. சோதிடர் கட்டத்தைப் பார்க்கிறார். ஐந்தாமிடத்திலே ராகு படுத்திருக்கிறது என்கிறார். நாகதோஷம் என்று முடிவுகட்டுகிறார். நாகராசாவின் பெயரையே தலைநகருக்குச் சூட்டிக்கொண்ட மாவட்டமல்லவா நமது! பால் தெளிக்கலாம், மஞ்சள் பூசலாம், பரிகாரப் பட்டியல் நீளலாம். பாம்புக்கும் பெண்ணின் சினைப்பைக்கும் என்ன உறவு என்று கேட்டுவிட்டால் மட்டும், “விதண்டாவாதி” என்ற பட்டம் கிடைக்கும். கோடாங்கி வேப்பிலை அடிக்கிறார். அவரிடமிருந்து தப்பி வந்தால் அத்தையும் சித்தியும் கூடி அருமருந்தொன்றைச் சொல்கிறார்கள்: “கட்டிக் கொடுத்துவிடு, எல்லாம் சரியாகும்.” நோய் பெண்ணுக்கு, மருந்து மாப்பிள்ளையாம்! மணம் முடிந்து, ஈராண்டு கழிந்தும் பிள்ளை பிறக்கவில்லையென்றால், அதே அத்தையும் சித்தியும்தான் வேறொரு சொல்லைக் கையிலெடுக்கிறார்கள். அந்தச் சொல்லை இங்கே எழுத என் பேனா மறுக்கிறது. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

இனி, உண்மை யாது என்று பார்ப்போம்.

‘நீர்க்கட்டி’ என்று ஊரிலே சொல்கிறார்கள், ‘பி.சி.ஓ.டி.’ என்று கடையிலே சொல்கிறார்கள். பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்று மருத்துவ நூல்கள் எழுதின. பெயரைக் கேட்டதும் வயிற்றுக்குள்ளே ஏதோ கட்டி வளர்ந்துவிட்டதென்று நடுங்குகிறாள் பெண். கட்டியே இல்லை, தோழர்களே! சினைப்பையிலே, முட்டையைச் சுமக்கும் சிறுசிறு குமிழ்கள் இயற்கையாகவே உண்டு. திங்கள்தோறும் அவற்றுள் ஒன்று வளர்ந்து, முதிர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். இக்கோளாறு உள்ள பெண்ணுக்கோ, பல குமிழ்கள் வளரத் தொடங்கி, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. வருடிப் பார்க்கும் கருவியின் திரையிலே, ஓரத்தைச் சுற்றி வரிசையாகத் தோன்றும். மேனாட்டார் அதை முத்துச்சரம் என்றனர். தோவாளைக்காரருக்கு முத்து எதற்கு? விரியாத பிச்சி மொட்டைச் சரமாகக் கட்டி வைத்தால் எப்படியிருக்கும்? அப்படியேதான். மொட்டு மலரவில்லை, அவ்வளவே. மலராததால் முட்டை வெளிவரவில்லை; முட்டை வராததால் மாத ஒழுங்கு குலைகிறது.

மொட்டு ஏன் மலரவில்லை? இங்கேதான் அறிவியல், பாம்பைத் தேடாமல், இரத்தத்தைத் தேடிற்று. ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் ஆணுக்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். பெண்ணின் உடலிலும் அது சிறிதளவு சுரக்கிறது. அந்தச் சிறிதளவு மிகுந்துவிடும்போது, குமிழ் பாதியிலே நிற்கிறது, மேலுதட்டிலும் தாடையிலும் முடி தடிக்கிறது, முகப்பரு மிகுகிறது. மிகுவதற்குத் துணைநிற்பவற்றுள் முதன்மையானது இன்சுலின். சர்க்கரையை உயிரணுவுக்குள்ளே அனுப்பும் பணி இன்சுலினுக்கு. உயிரணுக்கள் அதன் சொல்லைக் கேளாமற்போனால், கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. எனவே, இது வயிற்றுக்குள்ளே ஓர் உறுப்போடு முடிகிற கதையல்ல. நீரிழிவு, கொழுப்பு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு எல்லாம் இதன் உடன்பிறப்புகள். தடித்த உடலுடையார்க்கே வருமென்பதும் பொய். மெலிந்த பெண்களிலும் உண்டு. பல திங்கள் மாதவிலக்கே வராதிருந்தால் கருப்பையின் உள்வரி தடித்துக்கொண்டே போகும். நெடுநாள் கவனியாது விட்டால் அவ்விடத்துப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடும். பதினெட்டிலே வெட்கத்தால் மூடிய வாய்க்கு, நாற்பதிலே உடல் வட்டியோடு விலை கொடுக்கிறது.

இதை அறிய மனிதகுலம் எடுத்துக்கொண்ட காலத்தைக் கேளுங்கள். 1721லேயே, வல்லிஸ்னேரி என்ற இத்தாலிய அறிஞர், பிள்ளைப்பேறில்லாத இளம் உழவுப்பெண்ணொருத்தியின் சினைப்பை புறாமுட்டை போலப் பெருத்து, வெளுத்து, மேடுபள்ளமாக இருந்ததை எழுதி வைத்தார். அவளும் நம் தோவாளைப் பெண்ணைப் போலத் தோட்டத்திலே உழைத்தவளே, பெயர்கூடப் பதிவாகவில்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1935இல், சிக்காகோவிலே ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர் ஏழு பெண்களின் வரலாற்றை வெளியிட்டனர். சினைப்பையிலே ஆப்பு வடிவிலே ஒரு துண்டை வெட்டியெடுத்தனர், எழுவருக்கும் மாதவிலக்குத் திரும்பிற்று, இருவர் கருவுற்றனர். உலகம் வியந்தது. ஆயின், வெட்டிய இடத்திலே தசைகள் ஒட்டிக்கொண்டு, அதுவே கருவுறாமைக்குக் காரணமாவதைப் பின்வந்தோர் கண்டனர், மாத்திரை வந்தது, கத்தி பின்வாங்கிற்று. 1980இல் இன்சுலினுக்கும் ஆண்ட்ரோஜனுக்குமுள்ள தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தது. 2012இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய குழுவோ, ‘நீர்க்கட்டி’ என்று பொருள்தரும் இந்தப் பெயரே மக்களைத் தவறான வழியிலே செலுத்துகிறது, மாற்றுங்கள் என்றது.

கவனித்தீர்களா? நேற்றுப் போற்றிய மருத்துவத்தை இன்று தள்ளினார்கள். தாம் வைத்த பெயரையே தவறென்றார்கள். பஞ்சாங்கத்திலே இப்படி ஒரு திருத்தம் எந்த ஆண்டு வந்தது? எந்தச் சோதிடர், “சென்ற ஆண்டு நூறு பெண்களுக்குப் பரிகாரம் சொன்னேன், எண்பது பேருக்குப் பயனில்லை, ஆகவே கைவிட்டேன்” என்று கணக்குக் கொடுத்தார்?

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, நாட்டின் பல பகுதிகளிலே, 18 முதல் 40 அகவைக்குட்பட்ட 9,824 பெண்களை ஆராய்ந்தனர். முடிவு 2024இல் வெளிவந்தது. 1990இன் அளவுகோலை வைத்தால் நூற்றுக்கு 7.2 பேர், ஆண்ட்ரோஜனை முதன்மையாகக் கொள்ளும் அளவுகோலால் 13.6 பேர், 2003இல் ராட்டர்டாம் நகரிலே வகுத்த அளவுகோலால் 19.6 பேர். “பார்த்தீரா, அறிவியலே மூன்று விடை சொல்கிறது!” என்று எள்ளி நகையாடுவோர் இருப்பர். ஐயா, பூவை முழத்தால் அளந்தால் ஓர் எண், எடையால் அளந்தால் வேறோர் எண். எந்தக் கோலால் அளந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவன் வணிகத்திலே நேர்மையாளன், ஆராய்ச்சியிலும் அப்படியே. எந்த எண்ணை எடுத்தாலும், முப்பது இளம்பெண்கள் அமர்ந்து பூத்தொடுக்கும் கூடத்திலே, குறைந்தது இருவருக்கு இக்கோளாறு இருக்கக்கூடும், ஆறுபேருக்கும் இருக்கலாம். உலகெங்கும் இக்கோளாறுடைய பெண்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை, தமக்கு இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அறியாமையை வறுமை வளர்க்கிறது என்பர். நம் மாவட்டத்திலே அந்தச் சாக்கும் இல்லையே! 2011 கணக்கெடுப்பிலே எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்றது குமரி மாவட்டம். படித்தோம், பட்டம் பெற்றோம். கையிலே ஆளுக்கொரு பேசி வைத்துள்ளோம். கோடாங்கியின் இடத்திலே இப்போது அந்தப் பேசி வந்து உட்கார்ந்துகொண்டது! “முப்பதே நாளில் நீர்க்கட்டி கரையும், ஹார்மோன் சமனாகும், பக்கவிளைவே இல்லை, இன்று வாங்கினால் பாதி விலை!” என்று வண்ண வண்ணமாகப் பொடி விற்கிறார்கள். கரைவதற்குக் கட்டியே இல்லை என்று மேலே கண்டோம். பின்னே எது கரைகிறது? பூத்தொடுத்துச் சேர்த்த கூலி கரைகிறது! 1954ஆம் ஆண்டிலேயே, மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் என்றொன்றை இந்நாடு இயற்றியது. பெண்களின் மாதவிலக்குக் கோளாற்றைச் சரிசெய்வதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று அதன் மூன்றாவது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. முதன்முறை மீறினால் ஆறு திங்கள் வரை சிறை. எழுபது ஆண்டு கடந்த சட்டம்! ஏட்டிலே அது உறங்குகிறது. திரையிலே பொடி ஆடுகிறது. 2024இல் தவறான மருந்து விளம்பரங்களைக் குறித்து உச்சநீதிமன்றமே சினந்து பேசிய பிறகும், பொடிக்காரருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

நாட்டு மருந்தென்றாலே நாம் எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். எந்த நாட்டு மருந்தென்று கேட்பதில்லை நாம்; எந்தச் சோதனையில் தேறியது என்று கேட்கிறோம். ஆந்திரத்து அனந்தபூரிலே 15 முதல் 18 அகவை வரையுள்ள 460 மாணவியரை ஆராய்ந்தோர், நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இக்கோளாறு இருப்பதை 2011இல் எழுதினர். அடுத்து ஓர் அரிய வேலை செய்தனர். 90 மாணவியரைக் குலுக்கல் முறையிலே இருபாலாகப் பிரித்து, ஒரு பாலார்க்கு யோகப் பயிற்சியும் மறுபாலார்க்கு உடற்பயிற்சியும் பன்னிரண்டு வாரம் அளித்து, இரத்தத்தை அளந்து பார்த்தனர். யோகம் பயின்றவர்களிடம் ஆண்ட்ரோஜன் கூடுதலாகக் குறைந்தது. எடையிலே இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. யோகம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் பகுத்தறிவுத் தோழருக்குச் சொல்வேன்: சுளிக்காதீர். முனிவர் சொன்னார் என்று நம்புவது மடமை; முனிவர் சொன்னார் என்பதற்காகவே மறுப்பதும் அதன் தம்பி. அளந்தார்களா? அளந்தார்கள். தொண்ணூறு பேர் என்பது சிறு கூட்டம், இன்னும் பலவிடத்தில், பெருந்தொகையினரிடம் அளக்கட்டும், ஏற்போம். பொடிக்காரரும் அப்படி ஓர் அளவைக்கு வரட்டுமே! ஏன் ஒளிகிறார்?

வெள்ளை அங்கி அணிந்தோரை மட்டும் விட்டுவிடுவோம் என்று எண்ணாதீர்கள். கேள்வி கேட்கும் உரிமை கோயில் வாசலோடு நின்றுவிட்டால், அது பகுத்தறிவாகாது. மருத்துவமனை வாசலிலும் அதைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

ஆசிரியப் பணியிலே இருப்பதால் காண்கிறேன்: பதினைந்து வயதுப் பெண், துப்பட்டாவால் தாடையை மூடியபடியே கடைசி வரிசையில் அமர்கிறாள். ‘மீசை’ என்று ஒருவன் சொன்ன ஒரு சொல், அவளைக் கரும்பலகைக்கு வரவிடாமல் செய்துவிட்டது. துணிந்து தாயும் மகளும் மருத்துவரிடம் போகிறார்கள். உட்காருமுன்பே ஸ்கேன் சீட்டு! படத்திலே பல குமிழ். உடனே ‘நீர்க்கட்டி’ முத்திரை. உடனே “சீக்கிரம் கட்டிக்கொடுங்கள், பிறகு குழந்தை நிற்காது” என்ற அறிவுரை. அத்தை சொன்னதையே ஆங்கிலத்திலே சொல்வதற்குத்தானா இத்தனை ஆண்டுப் படிப்பு? அறிவியல் சொல்வது வேறு. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தை நடுவமாகக் கொண்டு பல நாட்டு வல்லுநர்கள் வகுத்து, 2023இல் புதுப்பித்த வழிகாட்டி நெறி இருக்கிறது. பூப்பெய்தி எட்டாண்டு நிறையாத பெண்ணை, இக்கோளாறென்று தீர்மானிக்க ஸ்கேன் செய்யாதே என்கிறது அது; அவ்வகவையிலே பல குமிழ் தோன்றுவது இயல்பே. பூப்பெய்திய முதலாண்டிலே ஒழுங்கின்மை இயல்பு. மூன்றாண்டு கடந்தும் 35 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துகொண்டே இருந்தால், அல்லது ஓராண்டிலே எட்டுமுறைக்குக் குறைவாக வந்தால், ஆராய வேண்டும். முதலாண்டு கடந்தபின் எப்போதேனும் ஒருமுறை 90 நாள் தாண்டினாலும் ஆராய வேண்டும். இளம்பெண்ணுக்கு, மாத ஒழுங்கின்மையும் ஆண்ட்ரோஜன் மிகையும் இரண்டுமே இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டலாம். தைராய்டு முதலான பிற காரணங்களை நீக்கியாக வேண்டும். சர்க்கரையை அளக்க வேண்டும், இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், “மனம் எப்படியிருக்கிறது, அம்மா?” என்று கேட்கவும் வேண்டும். எடையைக் குறித்து இகழ்ந்து பேசாதே என்பதும் அந்நெறியிலே எழுதியிருக்கிறது. எத்தனை மருத்துவமனைகளிலே இந்தக் கடைசி விதி உயிரோடிருக்கிறது?

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். மாத ஒழுங்குக்கும் முடி, பருவுக்கும் முதலில் எண்ணத்தக்கது, இரு இயக்குநீர் கலந்த கருத்தடை மாத்திரை. “ஐயையோ! மணமாகாத பெண்ணுக்குப் பிள்ளைத்தடை மாத்திரையா?” என்று அலறும் அன்னையர் ஒரு செய்தி அறிக: 1957இல் அமெரிக்க அரசு இம்மாத்திரைக்கு முதன்முதல் ஒப்புதல் தந்ததே மாதவிலக்குக் கோளாற்றுக்காகத்தான்; கருத்தடைக்கான ஒப்புதல் 1960இல்தான் வந்தது. எல்லார்க்கும் அது பொருந்தாது. இரத்த உறைவு, சிலவகை ஒற்றைத் தலைவலி உடையார்க்கு ஆகாது. மருத்துவர் வினவி அறிந்தே தரவேண்டும். சர்க்கரைக் கூறுகளைச் சீர்செய்ய மெட்ஃபார்மின் உண்டு. சீட்டுதோறும் எழுதப்படும் இனோசிட்டாலுக்கோ, சான்று இன்னும் மெலிந்தே நிற்கிறது. பிள்ளைப்பேறு வேண்டுவோர்க்கு லெட்ரசோல். இதன் கதை நம் அரசுக்கும் ஒரு பாடம். 2005இல் ஒரு மாநாட்டிலே வாசித்த சிறு அறிக்கை, இம்மருந்தால் குழந்தைக்குக் குறை நேருமோ என்ற ஐயத்தைக் கிளப்பிற்று. 2006இலேயே 911 குழந்தைகளை ஆராய்ந்து, கூடுதல் குறையில்லை என்று காட்டிவிட்டார்கள். இந்திய அரசோ 2011இலே, கருவுறச் செய்வதற்காக இதைப் பயன்படுத்துவதற்குத் தடைபோட்டது! 2014இல் அமெரிக்காவிலே 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய மருந்தால் நூற்றுக்கு 19.1 பேரும் லெட்ரசோலால் 27.5 பேரும் குழந்தை பெற்றனர். நம் தடை நீங்கியது 2017இல். இடையிலே கழிந்த ஆறாண்டு எத்தனை பெண்களுக்கு இளமையின் கடைசி ஆறாண்டோ!

இன்னும் ஒரு கொடுமை. மருந்தைச் சோதிக்கும் முதல் கட்டங்களிலே, கருவுறக்கூடிய பெண்களைச் சேர்க்கவேண்டாமென்று 1977இல் அமெரிக்க மருந்து ஆணையமே நெறி வகுத்தது. ஆணுடலில் அளந்து, பெண்ணுடலுக்குக் கொடுத்தார்கள். 1993இல்தான் அது மாறிற்று. அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியிலே பெண்களைச் சேர்த்தே தீரவேண்டுமென்று சட்டமும் வந்தது. மறுபுறம், கருத்தடை மாத்திரையைச் சோதிக்க வேண்டியபோது மட்டும், 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களைத் தேடிப்போனார்கள். சோதனையிலே தாம் இருக்கிறோம் என்பதையே பலருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. ஏழைப்பெண்ணின் உடல் வேண்டும். அவள் ஒப்புதல் வேண்டாம்! அங்கும் மனு இருந்திருக்கிறார், வேறு பெயரிலே.

இனி நம் தோழர்களிடம் ஒரு சொல். மேடையிலே சோதிடத்தைக் கிழித்தெறியும் இளைஞர் எத்தனையோ பேர் நம்மிடையே உண்டு. கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி இதோ பக்கத்திலே. மூடநம்பிக்கையைச் சிரித்தே விரட்ட அவரிடம் கற்றவர்கள் நாம். அந்தத் தோழருக்குப் பெண் பார்க்கிறார்கள். சாதகம் வேண்டாம் என்கிறார், கைதட்டுகிறோம். பிறகு, தாயின் வழியாக மெல்லக் கேட்கிறார்: “பெண்ணுக்கு மாதாமாதம் ஒழுங்காக வருமா?” சாதகக் கட்டம் போயிற்று, ஸ்கேன் கட்டம் வந்தது! மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவருடைய உயிரணுக் கணக்கை எந்தப் பெண்ணின் தந்தையாவது கேட்டதுண்டா? பெண்ணைப் பிள்ளைபெறும் பொறியாகக் காண்பதை எதிர்த்து, கருத்தடை அவளுடைய உரிமையென்று தொள்ளாயிரத்து முப்பதுகளிலேயே எழுதியவர் பெரியார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலை அலமாரியிலே வைத்துக்கொண்டு, பெண்ணின் சினைப்பையை வரதட்சணைப் பட்டியலிலே சேர்ப்பவர், அந்த நூலின் முதுகை மட்டும் படித்தவர்.

நாஞ்சில் நாட்டுப் பெண்ணுக்குத் தன் உடலுக்காகப் போராடுவது புதிதன்று. மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தோள்சீலைப் போர் மூண்டது 1822இல். திருவிதாங்கூர் மன்னரின் ஆணை வெளிவந்தது 1859இல். முப்பத்தேழு ஆண்டு! தெருவிலே துணி கிழிபட்டும் பின்வாங்காத பாட்டிமாரின் பேத்திகள், மருத்துவர் முன்னே, “ஏன் இந்த ஸ்கேன்? ஏன் இந்த மாத்திரை? இதற்கு என்ன சான்று?” என்று கேட்க நாணுவதா?

கேட்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? ஊரகத்துப் பெண்பிள்ளைகளுக்கு விலையின்றி நாப்கின் வழங்கும் ‘புதுயுகம்’ திட்டத்தை 2011இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டம், வாழ்த்துவோம். ஒரு பெண், “நாலு மாதமாக எனக்குத் தேவைப்படவில்லை, அக்கா” என்று சொன்னால், வழங்குகிற கை அடுத்து என்ன செய்யவேண்டும்? மிச்சமான பொட்டலத்தைக் கணக்கிலே எழுதுவதோடு நின்றுவிடலாமா? 2021இலே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுதேடிச் சென்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கிறது. அதே வீட்டுத் திண்ணையிலே பூத்தொடுத்துக்கொண்டிருக்கும் இருபது வயது மகளிடம், “மாதம் ஒழுங்காக வருகிறதா?” என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு செலவாகும்? ஆசாரிப்பள்ளத்திலே 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வல்லுநரைத் தேடிக் கடல்கடந்து போகவேண்டியதில்லை.

நவம்பர் 1, தோவாளை வட்டம் திருவிதாங்கூரின் பிடியினின்று விலகித் தமிழகத்தோடு இணைந்த நாள், 1956இல் நிகழ்ந்தது. உள்ளாட்சி நாளென்று அன்று கிராமசபையும் கூட்டுகிறார்கள். சாலைக்கும் குழாய்க்கும் தீர்மானம் எழுதும் நாளிலே, தோவாளை வட்டாரத்து ஊராட்சிகளில் உள்ள நம் தோழர்களும் தோழியரும் இதையும் எழுதிக் கொடுக்கட்டும்: “எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலே, திங்களுக்கு இருநாள், மாதவிலக்குக் கோளாறுடைய பெண்களுக்கெனத் தனி மருத்துவ நேரம் ஒதுக்கவேண்டும். பெண் மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ அன்று இருக்கவேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அங்கேயே அளக்கவேண்டும். பத்தொன்பது அகவைக்குட்பட்டோருக்குக் காரணம் எழுதாமல் ஸ்கேன் சீட்டுத் தரக்கூடாது. எட்டாம் வகுப்பு முதல் மாணவ மாணவியர் இருபாலாருக்கும் இதைப் பாடமாகச் சொல்ல, சுகாதாரச் செவிலியர் ஆண்டுக்கு இருமுறை பள்ளிக்கு வரவேண்டும். நீர்க்கட்டி கரைக்கும் பொடி விற்போர்மீது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்குமாறு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரை இச்சபை கேட்டுக்கொள்கிறது.”

முன்மொழிபவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும். வழிமொழிய ஆண்கள் எழுந்து நிற்கட்டும்.